ஷிப்ட் வேலைக்கு நடுவே ஜப்பானியச் சொற்களைத் தினமும் மீள்பார்வை செய்வது எப்படி?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செவிலியர் படிப்பை முடித்து மருத்துவமனையில் வேலை செய்கிறீர்கள். பகல், மாலை, இரவு என்று பணிநேரம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போகும் எண்ணத்தில் வார இறுதி வகுப்பில், ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் என்4 நிலைக்குப் படிக்கிறீர்கள். நோட்டில் எழுதி மனப்பாடம் செய்த சொற்கள் மூன்றே நாளில் மறந்துபோகின்றன என்று, முன்பக்கம் சொல்லும் பின்பக்கம் பொருளுமான அட்டைகளை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் காட்டும் அன்கி செயலிக்கு மாறினீர்கள். சில வாரம் நன்றாகப் போய், இப்போது நானூறுக்கும் மேற்பட்ட அட்டைகள் நிலுவையில் நிற்கின்றன. அதைத் திறக்கவே மனம் வரவில்லை. தினசரி மீள்பார்வையை எப்படி அமைத்துக்கொண்டால் நிலைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் வேலைக்குப் போகும் பெரியவர்களுக்குப் பல ஆண்டுகளாக ஜப்பானிய மொழி கற்பித்துவருகிறேன். இதே இடத்தில் நின்றுபோனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் ஞாபகசக்தியில் குறை ஒன்றும் இல்லை. நோட்டைப் பத்து முறை படித்துவிட்டுப் படுத்தால், அன்று இரவு எல்லாம் தெரிந்ததுபோலத்தான் இருக்கும். 2006இல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கேயும் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில், படித்ததை மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். ஆகவே சொல்லைப் பார்ப்பதைவிட, பார்க்காமல் வரவழைப்பதே பயிற்சி. மீள்பார்வை என்று நான் சொல்வதெல்லாம் இந்த வரவழைத்தலைத்தான்.

எப்போது வரவழைப்பது என்பது அடுத்த விஷயம். மறதியை முதன்முதலில் அளந்து பார்த்தவர் ஜெர்மானியரான எபிங்ஹவுஸ். பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று கணக்கிட்டு 1885இல் வெளியிட்டார். தொடக்கத்தில் வேகமாக மறக்கிறோம், பிறகு அந்த வேகம் குறைகிறது. ஒவ்வொரு முறை நினைவுபடுத்தும்போதும் அடுத்த மறதி தள்ளிப்போகிறது. எனவே இடைவெளியை ஒரு நாள், மூன்று நாள், ஒரு வாரம், இரண்டு வாரத்துக்கு மேல், ஒரு மாதத்துக்கு மேல் என்று நீட்டிக்கொண்டே போகலாம். போலந்துக்காரர் வோஸ்னியாக் 1987இல் இந்தக் கணக்கைக் கணினியிடம் ஒப்படைத்தார். ஜப்பானிய மொழி படித்துக்கொண்டிருந்த டேமியன் எல்ம்ஸ் 2006இல் அன்கியை வெளியிட்டபோது அந்தக் கணக்கின் ஒரு வடிவத்தைத்தான் எடுத்துக்கொண்டார். நீங்கள் வைத்திருக்கும் கருவி இந்த மொழிக்காகவே பிறந்தது. கருவியில் பழுதில்லை, அதில் எவ்வளவு ஏற்றுகிறோம் என்பதில்தான் சிக்கல்.

இன்று சேர்க்கும் ஒவ்வொரு புதிய சொல்லும் வரும் மாதங்களில் தவணை கட்ட வேண்டிய கடன். வாங்கும் நாளில் சுமை தெரியாது. அன்கியை நிறுவியதும் நாளொன்றுக்கு இருபது புதிய அட்டை என்ற அமைப்பு தானாகவே இருக்கும். பெரும்பாலானவர்கள் அதை மாற்றுவதே இல்லை. முதல் வாரத்தில் இருபது சொல் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அனுபவத்தில், நாள்தோறும் சேர்க்கும் புதிய அட்டைகளின் எண்ணிக்கையைப் போல ஏழு முதல் பத்து மடங்கு மீள்பார்வை வந்து நிற்கும். இருபது சேர்த்தால் ஓரிரு மாதத்தில் தினமும் நூற்றைம்பது, இருநூறு. அதோடு இரண்டு இரவுப் பணி சேர்ந்தால் நானூறு. உங்களுக்கு நடந்தது இதுதான். சோம்பல் என்று உங்களையே கடிந்துகொள்ளாதீர்கள்.

அப்படியானால் எத்தனை சேர்ப்பது? விடுமுறை நாளில் உங்களால் எவ்வளவு முடியும் என்று பார்க்காதீர்கள். மாதத்திலேயே மோசமான நாளை நினைத்துக்கொள்ளுங்கள்: இரவுப் பணி முடிந்து, பஸ்ஸில் நின்றபடி வந்து, சாப்பிடக்கூடத் தோன்றாமல் படுக்கும் நாள். அன்றும் எத்தனை நிமிடம் தர முடியும்? பத்து நிமிடம் என்றால் ஏறக்குறைய எழுபது அட்டை. அப்படியானால் உங்கள் அளவு நாளுக்கு ஏழு அல்லது எட்டுப் புதிய சொற்கள். இது குறைவாகத் தோன்றலாம், கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜேஎல்பிடி தேர்வு 2010இல் ஐந்து நிலைகளாக மாற்றி அமைக்கப்பட்ட பிறகு அதிகாரபூர்வமான சொற்பட்டியல் எதுவும் வெளியிடப்படுவதில்லை. அதற்கு முந்தைய தேர்வில், இன்றைய என்4 நிலைக்கு ஏறக்குறைய இணையான மூன்றாம் நிலைக்கு 1,500 சொற்களும், சீன எழுத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகள் 300ம் என்று அளவு வைத்திருந்தார்கள். ஆசிரியர்கள் இன்றும் அதைத்தான் கைக்கணக்காக வைத்திருக்கிறோம். அதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். மிச்சம் எழுநூறு, எண்ணூறு சொல். நாளுக்கு எட்டு என்றால் மூன்றரை மாதத்தில் முடிந்துவிடும். அகலக்கால் வைக்க வேண்டிய தேவையே இல்லை.

இனி நிலுவை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். எந்தச் சொல்லை எத்தனை முறை சரியாகச் சொன்னீர்கள் என்ற வரலாறு அதில் இருக்கிறது. அழித்தால் அந்த வரலாறும் போய்விடும், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த சொற்களும் புதியவைபோல வந்து நேரத்தைத் தின்னும். புதிய அட்டைகளின் எண்ணிக்கையை இன்றே பூஜ்யமாக்குங்கள். வகுப்புப் பாடத்தில் இதுவரை வராத, பிறர் செய்துவைத்த அட்டைப் பொதிகளில் தானாக வந்து சேர்ந்த சொற்களைச் சஸ்பெண்ட் செய்து ஒதுக்குங்கள். அவை அழியாது, கண்ணில் படாமல் இருக்கும். மிச்சத்தை நாளுக்கு நூறு வரை, மூன்று தவணையாகப் பாருங்கள். அமைப்புகளில் மீள்பார்வை வரிசையை மாற்றும் வசதி உண்டு. ஒரு அட்டையை அடுத்து எப்போது காட்டுவது என்று தீர்மானிக்கும் எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புதிய கணக்குமுறையை இயக்கியிருந்தால், நினைவில் இருக்க அதிக வாய்ப்புள்ளவை முதலில் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட நினைவில் இருப்பவை ஒரு தட்டில் மீண்டு நீண்ட இடைவெளிக்குப் போய்விடும், குவியல் வேகமாக இறங்கும். முழுதாக மறந்துபோனதை இன்று பார்த்தாலும் அடுத்த வாரம் பார்த்தாலும் மறுபடி கற்கத்தான் வேண்டும், அது காத்திருக்கலாம். இரண்டு மூன்று வாரத்தில் சமநிலைக்கு வந்துவிடுவீர்கள். அதுவரை புதிய சொல் ஒன்றுகூடச் சேர்க்கக் கூடாது. வகுப்பில் வரும் புதிய சொற்களை நோட்டில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அவை எங்கும் ஓடிவிடாது.

நேரம் ஒதுக்குவதில்தான் உங்களைப் போன்றவர்களுக்கு வழக்கமான அறிவுரை பலிப்பதில்லை. தினமும் காலை ஆறு மணி என்று ஷிப்ட்காரர் வைத்தால் ஒரு வாரம்கூடத் தாங்காது. கடிகாரத்தை விட்டுவிட்டு, எந்த ஷிப்டிலும் தவறாமல் நடக்கும் ஒரு காரியத்தோடு சேர்த்துக் கட்டுங்கள். தூங்கி எழுந்ததும் என்பதே எனக்குத் தெரிந்தவரை மிகவும் நம்பகமானது. எழுவது காலை ஐந்து மணியாக இருக்கலாம், பிற்பகல் இரண்டாக இருக்கலாம். எழுந்து, பல் துலக்கி, டீ ஆறும் நேரத்தில் அன்றைய மீள்பார்வையில் பாதி. மிச்சம் பஸ்ஸில். புதிய சொற்களுக்கு வேறு ஒரு நேரம் வையுங்கள், அதுவும் மீள்பார்வை முடிந்த நாளில் மட்டும். இந்த வரிசை மாறக் கூடாது: பழையது முதலில், புதியது பிறகு. நேரம் பற்றாத நாளில் புதியதைத்தான் விட வேண்டும்.

அன்கியில் நாள் மாறுவது நள்ளிரவில் இல்லை, அதிகாலை நான்கு மணிக்கு. இரவுப் பணியில் அந்த நேரம் நடுவில் வந்தாலும் அதை மாற்றாதீர்கள். எழுந்ததும் ஒரு முறை என்ற பழக்கம் இருந்தால் அது எந்தத் தொந்தரவும் தராது. வாரந்தோறும் மாற்றிக்கொண்டிருந்தால்தான் ஒரு நாளைக்கு இரண்டு நாள் அட்டை வந்து குழப்பும். வார்டுக்குள் செல்போன் எடுக்க முடியாது என்பதால், அடிக்கடி தடுக்கும் நான்கைந்து சொற்களை மட்டும் ஒரு சீட்டில், ஜப்பானிய அசை எழுத்தான ஹிரகானாவில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் பொருள். அது போதும்.

ஒரு அட்டையை எப்படிப் பார்ப்பது என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று தோன்றும். ஆனால் எங்கள் வகுப்பில் நான் அதிகம் திருத்துவது இதைத்தான். அட்டை வருகிறது. வாய்விட்டுப் படியுங்கள், முணுமுணுத்தாலும் சரி. பொருளைச் சொல்லுங்கள், நினைத்தால் போதாது, சொல்ல வேண்டும். எட்டுப் பத்து விநாடியில் வரவில்லை என்றால் வராது. விடையைத் திறந்துவிடுங்கள். ஒரு நிமிடம் முறைத்துக்கொண்டிருப்பதால் நினைவு கூடுவதில்லை, களைப்புதான் கூடுகிறது. விடையைப் பார்த்ததும் ஒலியைக் கேட்டு, வாக்கியத்தை ஒரே ஒரு முறை உரக்கச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இந்த வேகத்தில் எண்பது அட்டை பன்னிரண்டு நிமிடத்துக்குள் முடியும். அரை மணி நேரம் ஆகிறது என்றால் பரிதாபப்பட்டு ஒவ்வொரு அட்டையிலும் தங்கிவிடுகிறீர்கள் என்று பொருள்.

விடையைப் பார்த்தபின் அழுத்தும் பொத்தான்களில் ஒரு எச்சரிக்கை. மறந்துவிட்டால் அழுத்த வேண்டியது ‘அகெய்ன்’ மட்டுமே. பலர் மனம் கேட்காமல் ‘ஹார்ட்’ அழுத்துகிறார்கள். செயலியைப் பொறுத்தவரை ஹார்ட் என்பது ‘கஷ்டப்பட்டாலும் சரியாகச் சொல்லிவிட்டேன்’ என்று பொருள்படும். மறந்த சொல்லுக்கு அதை அழுத்தினால், தெரியாத சொல்லைத் தெரிந்ததாகக் கணக்கில் எழுதுகிறோம். எஃப்எஸ்ஆர்எஸ் உங்கள் விடைகளைப் பார்த்தே இடைவெளியைக் கற்றுக்கொள்வதால், கணக்கு மொத்தமும் கோணிப்போகும். முதல் சில மாதங்களுக்கு அகெய்ன், குட் என்ற இரண்டை மட்டும் பயன்படுத்துங்கள். தீர்மானிப்பது எளிது, கை வேகமாகப் போகும்.

இனி அட்டையின் உள்ளே என்ன எழுதுவது. இதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் தமிழ் பேசும் நமக்கு இதில் தனிப்பட்ட ஒரு பள்ளமும் தனிப்பட்ட ஒரு மேடும் உண்டு.

பள்ளம் நம் எழுத்து. ஜப்பானியச் சொல்லைத் தமிழ் எழுத்தில் அட்டையில் எழுதாதீர்கள். இந்தப் பதிலில் உங்கள் வசதிக்காக அப்படி எழுதுகிறேன், படித்துவிட்டு விட்டுவிடுங்கள். நம் ககரம் ஒன்றே வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் நிற்கிறது. ஜப்பானிய மொழியில் இரண்டும் வேறு எழுத்து, வேறு சொல். தங்கத்துக்குச் சொல்லும் கின், வெள்ளிக்குச் சொல்லும் கின் இரண்டையும் தமிழில் எழுதினால் வேறுபாடு தெரியாது. முன்னதில் ‘கல்’ என்பதில் வரும் ஒலி, பின்னதில் ‘அங்கே’ என்பதில் வரும் ஒலி. உங்கள் துறையிலேயே பாருங்கள். முதியோர் பராமரிப்பைக் குறிக்கும் கைகோவின் கடைசி எழுத்து மெல்லொலி. அதையே வல்லொலியாகச் சொன்னால் வேலையிலிருந்து நீக்குவது என்று பொருள். நேர்காணலில் மாற்றிச் சொல்லக் கூடாத சொல் அது. ஹிரகானாவில் இந்த வேறுபாடு எழுத்தின் மேலே இரண்டு சிறு கோடுகளாகக் கண்ணுக்குத் தெரியும். தமிழ் எழுத்தை இடையில் நிறுத்தினால் அந்தக் கோடுகள் நினைவில் ஏறவே ஏறாது. ஹிரகானா, இன்னொரு அசை எழுத்தான கதகானா இரண்டிலும் அடிப்படை எழுத்து நாற்பத்தாறு நாற்பத்தாறுதான். என்4 படிப்பவர் அதற்குமேல் ஒரு துணை எழுத்தைத் தேட வேண்டியதில்லை.

மறுபக்கம், குறில் நெடிலும் ஒற்று மிகுவதும் நம் காதுக்குப் பழகியவை. அத்தையையோ நடுவயதுப் பெண்ணையோ குறிக்கும் ஒபசானும் பாட்டியைக் குறிக்கும் ஒபாசானும், ‘வா’ என்ற பொருள்படும் கிதெயும் தபால்தலையான கித்தெயும் பல நாட்டு மாணவர்களுக்கு ஒன்றுபோலவே கேட்கின்றன. நமக்கு அப்படிக் கேட்பதில்லை. ஆகவே இவற்றுக்குத் தனிப் பயிற்சி அட்டை போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். அந்த நேரத்தை ககர, தகர வேறுபாட்டுக்குக் கொடுங்கள்.

மேடு என்று சொன்னது பொருள் எழுதும் இடத்தில். இணையத்தில் கிடைக்கும் அட்டைப் பொதிகள் பெரும்பாலும் ஆங்கிலப் பொருளோடு வருகின்றன. அதை அப்படியே வைத்துக்கொள்ளாமல், கஷ்டப்படுத்தும் சொற்களுக்காவது தமிழ்ப் பொருளை நீங்களே எழுதுங்கள். தொமரு, தொமெரு என்ற இரண்டு வினைகளுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லைத்தான் போட்டிருப்பார்கள், மாணவர்கள் மாதக்கணக்கில் தடுமாறுவார்கள். தமிழில் எழுதிப் பாருங்கள்: நில், நிறுத்து. ஒகிரு என்றால் எழு, ஒகொசு என்றால் எழுப்பு. உகொகு என்றால் அசைகிறது, உகொகசு என்றால் அசைக்கிறது. தன்வினை பிறவினையாக நம் மொழி பிரித்து வைத்திருக்கும் அதே கோட்டில்தான் ஜப்பானிய மொழியும் பிரிக்கிறது. இதை ஆங்கிலம் வழியாகச் சுற்றிப்போய்க் கற்பது தேவையற்ற உழைப்பு. அகெரு, குரெரு என்ற ‘கொடுக்கும்’ வினைகளும் இப்படித்தான். குரெரு என்பது எனக்கோ என்னைச் சேர்ந்தவருக்கோ ஒருவர் தருவது. நம் பழைய இலக்கணம் ‘தா’ என்பதைத் தன்மை முன்னிலைக்கும் ‘கொடு’ என்பதைப் படர்க்கைக்கும் வைத்ததை நினைத்துக்கொண்டால் பாதி வழி வந்தாயிற்று. ஒரு வித்தியாசம்: நான் உங்களுக்குத் தருவதைத் தமிழில் ‘தருகிறேன்’ என்போம், ஜப்பானியத்தில் அங்கே குரெரு வராது, அகெருதான். இந்த ஒரு வரியை அட்டையின் பின்பக்கம் எழுதி வைத்தால் போதும்.

தனிச் சொல்லை முன்பக்கம் போடாமல் சிறு வாக்கியத்தில் போடுங்கள். நான்கைந்து சொல்லுக்கு மேல் போகாத வாக்கியம். ஒரு அட்டையை முழுதாகக் காட்டுகிறேன். சொல்: மனியவு, அதாவது நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடுவது. முன்பக்கம்: ‘தென்ஷ நி மனியைமஷித’ என்ற வாக்கியம் ஜப்பானிய எழுத்தில், மனியவு மட்டும் தடித்த எழுத்தில். பின்பக்கம்: அதன் ஹிரகானா, ஒலிப்பதிவு, ‘ரயிலைப் பிடித்துவிட்டேன்’ என்ற தமிழ், அடியில் ‘நி என்ற உருபு சேரும்’ என்ற குறிப்பு. இவ்வளவுதான். இலக்கண விளக்கம், மூன்று மாற்றுப் பொருள், நான்கு எடுத்துக்காட்டு எல்லாம் ஏற்றினால் பின்பக்கத்தைப் படிப்பதற்கே அரை நிமிடம் ஆகும். உடுத்துவதைக் குறிக்கும் வினைகளுக்கு வாக்கியம் இன்னும் அவசியம். சட்டைக்குக் கிரு, கால்சட்டைக்கும் செருப்புக்கும் ஹகு, தொப்பிக்குக் கபுரு, கண்ணாடிக்குக் ககெரு. முதியவருக்கு உடை மாற்றிவிடும் வேலையில் இவை நாள்தோறும் வரும். பெயர்ச்சொல்லோடு சேர்த்துக் கற்றால்தான் வாயில் சரியாக வரும்.

கான்ஜியைத் தள்ளிப்போடாதீர்கள். அன்றாடப் பயன்பாட்டுக்கென்று ஜப்பானிய அரசு வகுத்திருக்கும் பட்டியலில் 2,136 எழுத்துகள் இருக்கின்றன. அவை அனைத்தும் இப்போது வேண்டியதில்லை. நீங்கள் படிக்கும் சொல்லில் வரும் எழுத்தை அந்தச் சொல்லோடு சேர்த்தே பழகுங்கள், தனியாக ஒரு கான்ஜிப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஏன் வேண்டும் என்றால், ஒரே ஒலியில் பல சொற்கள் இருக்கும் மொழி இது. ‘இஜோ’ என்று நீட்டி ஒலிக்கும் சொல்லுக்கு, படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு ஆளை மாற்றுவது என்று ஒரு பொருள், இயல்புக்கு மாறான நிலை என்று ஒரு பொருள், ‘இதற்கு மேல்’ என்று ஒரு பொருள். மூன்றும் பராமரிப்புக் குறிப்பேட்டில் வரக்கூடியவை. எழுத்து தெரிந்தால் ஒரு நொடியில் பிரித்துவிடலாம், ஹிரகானாவை மட்டும் நம்பினால் முடியாது.

அட்டை எந்தத் திசையில் கேட்க வேண்டும்? ஜப்பானியம் முன்னால், தமிழ் பின்னால் என்பதே முதன்மை. இரு திசையிலும் போட்டால் வேலை இரண்டு மடங்காகும். விதிவிலக்கு, நீங்கள் வாயால் சொல்லியாக வேண்டியவை. ‘வலிக்கிறதா?’, ‘மெதுவாக எழுந்திருங்கள்’, ‘இப்போது உடம்பைத் திருப்பப்போகிறேன்’ போன்றவற்றைத் தமிழிலிருந்து ஜப்பானியத்துக்கும் போட்டுக்கொள்ளுங்கள். முப்பது நாற்பது தொடருக்கு மேல் இது தேவைப்படாது.

ஒலி இல்லாத அட்டையை வைத்துக்கொள்ளாதீர்கள். என்4 தேர்வில் மொத்தம் 180 மதிப்பெண், தேர்ச்சிக்கு 90. அதோடு கேட்டல் பகுதியில் 60க்குக் குறைந்தது 19 எடுக்க வேண்டும். மற்ற பகுதியில் எவ்வளவு குவித்தாலும் இங்கே குறைந்தால் தோல்விதான். கண்ணால் மட்டும் சொல் கற்றவர்கள் சறுக்குவது இந்த இடத்தில். மீள்பார்வையின்போது ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். பஸ்ஸில் வாய்விட்டுச் சொல்ல முடியாவிட்டாலும் காதாவது வேலை செய்யும்.

ஒரே இனச் சொற்களை ஒரே நாளில் சேர்க்காதீர்கள். பாடப்புத்தகங்கள் வண்ணங்கள், உறவுமுறைகள், திசைகள் என்று கொத்துக் கொத்தாகத்தான் தரும். ஆனால் அப்படிச் சேர்த்துக் கற்கும் சொற்கள் ஒன்றோடொன்று மோதிக் குழம்புவதை 1990களில் நடந்த சோதனைகள் காட்டின. வகுப்பறையில் நான் காண்பதும் அதுவே. வலம் என்ற மிகியையும் இடம் என்ற ஹிதரியையும் ஒரே நாளில் கற்றவர், ஆறு மாதம் கழித்தும் ஒரு கணம் தயங்குகிறார். ஒரு பக்கம் செயலிழந்த நோயாளியைத் தூக்கும்போது அந்தத் தயக்கம் ஆபத்து. ஒன்றை இந்த வாரம் சேருங்கள். அது உறுதியான பிறகு, இரண்டு வாரம் கழித்து மற்றதைச் சேருங்கள்.

எவ்வளவு முயன்றாலும் சில சொற்கள் ஒட்டாது. எட்டு முறை மறந்த அட்டையை அன்கி தானாகவே ‘லீச்’ என்று குறியிடும், ஒதுக்கிவைக்கும்படியும் அமைத்துக்கொள்ளலாம். நான் அந்த எண்ணை ஐந்தாகக் குறைத்து வைக்கச் சொல்வேன். ஒதுங்கிய சொல்லை அப்படியே திரும்ப உள்ளே விடாதீர்கள், மறுபடியும் அதே கதைதான். வாக்கியத்தை மாற்றுங்கள், படம் சேருங்கள், எந்தச் சொல்லோடு குழம்புகிறது என்று கண்டுபிடித்து அதைப் பின்பக்கம் எழுதுங்கள். பாதிக்குமேல், இன்னொரு சொல்லோடு உள்ள குழப்பம்தான் காரணமாக இருக்கும்.

வாரத்துக்கு ஒரு முறை, வகுப்பு இல்லாத ஒரு பொழுதில், கால் மணி நேரம் உட்கார்ந்து இதைச் சரிபாருங்கள். லீச்களைத் திருத்துவது ஒரு வேலை. புள்ளிவிவரப் பக்கத்தில், சரியாகச் சொன்ன விகிதத்தைப் பார்ப்பது இன்னொரு வேலை. பழகிய அட்டைகளில் நூற்றுக்குத் தொண்ணூறை ஒட்டி இருந்தால் எதையும் தொடாதீர்கள். எண்பதுக்குக் கீழே இறங்கினால் அடுத்த வாரம் புதிய சொல்லைப் பாதியாகக் குறையுங்கள். எஃப்எஸ்ஆர்எஸ்ஸில் எத்தனை விழுக்காடு நினைவில் நிற்க வேண்டும் என்று நாமே சொல்லலாம். தொடக்கத்தில் 90 என்று இருக்கும். ஆர்வத்தில் அதை 97 ஆக்கினால் மீள்பார்வைகள் பல மடங்கு பெருகும், பலன் அந்த அளவுக்குக் கூடாது. என்னைக் கேட்டால் தொண்ணூறே போதும், வேலை நெருக்கும் மாதத்தில் 85 வரைகூடக் குறைக்கலாம்.

அட்டைகள் மட்டும் போதுமா என்றால், போதாது. அட்டை சொல்லை உயிரோடு வைத்திருக்கும், அது எங்கே எப்படிப் புழங்குகிறது என்பதைப் படித்தும் கேட்டும்தான் அறிய முடியும். ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்ஹெச்கே எளிய ஜப்பானியத்தில் வெளியிடும் செய்திகளில் கான்ஜியின் மேல் ஹிரகானா போட்டிருப்பார்கள், ஒலியும் இருக்கும். மீள்பார்வை முடிந்து நேரம் மிஞ்சினால் ஒரே ஒரு செய்தி. நேற்று அட்டையில் பார்த்த சொல் அங்கே வரும்போது அது உறுதிப்படுவதை நீங்களே உணர்வீர்கள்.

ஜேஎல்பிடி ஜூலை, டிசம்பர் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது, சென்னையிலும் மையம் உண்டு. தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது புதிய சொற்களை நிறுத்திவிடுங்கள். கடைசி வாரத்தில் சேர்க்கும் சொல் நீண்டகால நினைவுக்குப் போக நேரமில்லை, அந்த நேரத்தைக் கேட்டலுக்குக் கொடுங்கள். வெளிநாட்டவர் சில துறைகளில் வேலை செய்ய 2019 ஏப்ரலில் ஜப்பான் தொடங்கிய ‘குறிப்பிட்ட திறன்’ விசாவுக்கு என்4க்குப் பதிலாக ஜேஎஃப்டி பேசிக் என்ற கணினித் தேர்வையும் ஏற்கிறார்கள். அதில் 250க்கு 200 எடுக்க வேண்டும். பராமரிப்புத் துறைக்கு அதோடு திறன் தேர்வும் பராமரிப்பு ஜப்பானியத் தேர்வும் தனியாக உண்டு. ஆகவே துறைச் சொற்களுக்குத் தனித் தொகுப்பு ஒன்று வையுங்கள், ஆனால் என்4 சொற்கள் முக்கால் பங்கு முடிந்த பிறகு. படுக்கைப்புண்ணைக் குறிக்கும் தொகொஸுரெ, விழுங்குவதைக் குறிக்கும் நொமிகொமு போன்றவை உங்களுக்கு எளிதில் ஏறும். பொருளைத்தான் வார்டில் தினமும் பார்க்கிறீர்களே.

அட்டைகளை நீங்களே செய்வதா, பொதியை இறக்கிக்கொள்வதா என்றும் கேட்டிருந்தீர்கள். உங்களுக்கு இருக்கும் நேரத்தில் இரண்டையும் கலக்க வேண்டும். கைஷி 1.5கே என்ற இலவசப் பொதியில் ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு அடிப்படைச் சொற்கள் வாக்கியத்தோடும் ஒலியோடும் இருக்கின்றன. அதை இறக்கி, எல்லா அட்டையையும் சஸ்பெண்ட் செய்துவிட்டு, வகுப்பில் அந்த வாரம் வந்த சொற்களை மட்டும் தேடித் திறந்துவிடுங்கள், தமிழ்ப் பொருளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொதியில் இல்லாததை மட்டும் நீங்களே செய்தால் போதும். ஆண்ட்ராய்டு போனில் அன்கிட்ராய்ட் இலவசம், கணினியில் அன்கியும் இலவசம், ஐபோனுக்கான அதிகாரபூர்வச் செயலிக்குப் பணம் கட்ட வேண்டும். ஐபோன் வைத்திருந்தால் உடனே வாங்க வேண்டியதில்லை, அன்கிவெப் இணையதளத்தில் இலவசமாகவே மீள்பார்வை செய்யலாம். நிலுவை தீர்ந்து ஒரு மாதம் ஒழுங்காக ஓடிய பிறகு வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.